எல்லோரும் தூக்கிய கை

பாட்டில் ஆலையில் அவளை எல்லோரும் விளக்குக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். உலைப் பக்கத்தில் பிறந்து, நீளமான ஆறவைக்கும் கூண்டுக்குள் மெல்ல மெல்லச் சூடு தணிந்து, நாடாவில் வரிசையாக வரும் பாட்டில்களை ஒரு வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து பார்ப்பது அவள் வேலை. குமிழி இருக்கிறதா, கழுத்தில் கீறல் விழுந்திருக்கிறதா, அடியில் கல் மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட வேண்டும். போட்டால் உடையும். கல்யாணத்துக்கு முன்பே அந்த நாற்காலிக்கு வந்தவள் என்பதால், உடைகிற சத்தம் அவளுக்குக் காதில் விழுவதே இல்லை.

அவள் புருஷன் அதே ஆலையில் மெக்கானிக். வாய் ஓயாத ஆள். வாசல் கதவுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது என்பதைப் பற்றிக்கூட மூச்சு விடாமல் பேசுவார். பச்சை ஏன் நல்லது, நீலம் ஏன் சரிப்படாது என்று காரணம் காரணமாக அடுக்குவார். அவள் "சரிங்க" என்பாள். மறுவாரம் கதவில் அவள் நினைத்திருந்த நீலம்தான் இருக்கும். அவரும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்பார். இந்தக் கூத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வதற்கென்றே அந்த வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். அவருடைய தங்கை, விளக்குக்காரிக்கு நாத்தனார். துணிக்கடை ஒன்றில் கால்சட்டைக்கு விளிம்பு தைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஆல்டரேஷன் வேலை செய்தாள். "எங்கண்ணன் பேசியே ஜெயிச்சாரு, எங்க அண்ணி பேசாமலே ஜெயிச்சாங்க. நடுவுல என் காதுதான் தோத்துச்சு" என்பாள்.

உலையைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, ஓர் இரும்பு நடைபாதை போகும். அதன் கைப்பிடிக் கம்பி வருஷக் கணக்காகச் சூட்டில் வெந்து துருவேறிப் போயிருந்தது. அதை மாற்றச் சொல்லி ஆட்கள் பல தடவை கேட்டிருந்தார்கள். ஒரு நாள் காலை ஷிஃப்டில் வால்வு ஒன்றைத் திருகுவதற்காக மெக்கானிக் அந்தக் கம்பியில் இடுப்பைச் சாய்த்தார். கம்பி பிய்த்துக்கொண்டு போனது. கீழே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்து அவளிடம் சொன்னபோது அவள் விளக்கின் முன்னால் இருந்தாள். அவர் திக்கித் திணறிச் சொல்லி முடிப்பதற்குள் கழுத்தில் கீறல் விழுந்த பாட்டில் ஒன்று நாடாவில் வந்தது. அவள் அதை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு எழுந்தாள். 

அன்றைக்கு ஆரம்பித்தது அந்த மரப்பு. அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், போகிறவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டாள். டீயைக் குடித்து முடித்த பிறகுதான் சர்க்கரை போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் அது ஒரு விஷயமாக இருக்காது. கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பினாள். விளக்கின் முன்னால் உட்கார்வது சுலபமாக இருந்தது. அங்கே யாரும் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

"அழுது தொலைங்களேன் அண்ணி" என்று நாத்தனார் ஒரு நாள் கத்தினாள். "நான் ஒருத்தியே எத்தனை நாளைக்கு அழறது? எனக்கும் கண்ணு எரியுது."

"வர மாட்டேங்குதே" என்றாள் அவள். உண்மையைத்தான் சொன்னாள்.

சங்கச் செயலாளருக்கு ஆலையில் ஸ்பீக்கர் என்று பட்டப்பேர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். அவர் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மெக்கானிக்குக்கு நெருங்கின சிநேகிதர். உட்கார்ந்த நாற்காலி நுனியிலேயே இருந்தார்.

"தங்கச்சி, மேனேஜர் அசைய மாட்டேங்கறாரு. நடைபாதையை மாத்தணும்னா உற்பத்தியை நிறுத்தணுமாம். அடுத்த பெரிய ரிப்பேர்ல சேத்துப் பாத்துக்கலாம்கறாரு. ஒரு கூட்டம் போடறேன். நீ வந்து முன்னால உக்காரணும்."

"எனக்குப் பேச வராதுண்ணே."

"நீ பேசவே வேண்டாம். உக்காந்தாலே போதும்."

நாத்தனார் உள்ளிருந்து, "காட்சிக்கு வைக்கக் கூப்பிடறாரு" என்று சொன்னது இருவருக்கும் கேட்டது. ஸ்பீக்கர் கேட்காத மாதிரி இருந்துகொண்டார். விளக்குக்காரி "சரிண்ணே" என்றாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் தேட வேண்டும். சரி என்பதில் அந்தத் தொல்லை இல்லை.

கூட்டம் கிடங்கில் நடந்தது. பாட்டில்கள் அடுக்கிய மரத்தட்டுகள் கூரை வரை நின்றன. நடுவில் இருந்த இடத்தில் இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் நெருக்கியடித்து நின்றார்கள். முன்னால் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். ஸ்பீக்கர் ஒரு மரத்தட்டின் மேல் ஏறினார்.

"நாம என்ன கேட்டோம்? கம்பளம் விரிக்கச் சொன்னோமா? ஏசி போடச் சொன்னோமா? புடிச்சுக்க ஒரு கம்பி கேட்டோம்! ஒரு கம்பி! அடுத்த ரிப்பேர்ல போடுவாங்களாம். அது எப்போ? நம்ம மேனேஜருக்குத் தலையில முடி முளைக்கிறப்போ!"

சிரிப்பு எழுந்தது. அவர் சிரிப்பை அடங்க விட்டார். எங்கே நிறுத்த வேண்டும், யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குரலைத் தணித்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தார்.

"என் சிநேகிதன் இன்னைக்கு இங்க நிக்கலை. அவன் சம்சாரம் உக்காந்திருக்கு. அந்த முகத்தைப் பாத்துட்டுச் சொல்லுங்க. உலை எரியுதுன்னுதானே இவங்க நம்மளை மதிக்க மாட்டேங்கறாங்க? அணைச்சுடலாமா? சம்மதம்னா கையைத் தூக்குங்க."

கிடங்கு அமைதியானது. அந்த உலையை அணைப்பது என்றால் என்ன என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கொளுத்தின நாளிலிருந்து ராத்திரி பகல், லீவு நாள் என்று எதற்கும் அது அணைந்ததில்லை. உள்ளே கண்ணாடி பாகு மாதிரி உருகிக் கிடக்கும். ஆறினால் அது வயிற்றுக்குள்ளேயே பாறையாகிவிடும். சுற்றியிருக்கிற செங்கல் வெடிக்கும். மறுபடி தீக்குச்சி கிழித்துப் பற்றவைக்கிற சமாசாரம் இல்லை. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும்.

யாரும் கை தூக்கவில்லை. உலையைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லோரும் உலைக்காரர் என்று கூப்பிடுகிற ஆள், தன் பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக விளக்குக்காரியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து ஆள் இறங்குவதற்காக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாமும் யோசிக்காமல் எழுந்து வழிவிடுவோம். அப்படித்தான் அவள் கை மேலே போனது. இத்தனை முகங்கள் காத்திருந்தன, அந்தக் காத்திருப்பு முடிய வேண்டும் என்பதற்கு மேல் அவள் மனதில் ஒன்றும் இல்லை. உலையைப் பற்றியோ புருஷனைப் பற்றியோகூட அந்த நிமிஷம் நினைக்கவில்லை.

அவள் கையைப் பார்த்து முன்வரிசையில் இரண்டு கைகள் எழுந்தன. அடுத்த மூச்சில் கிடங்கு முழுக்கக் கைகள். உலைக்காரரும் தூக்கினார். யாரோ கைதட்டினார்கள், அது பரவியது. மரத்தட்டின் மேல் நின்ற ஸ்பீக்கரின் வாய் கொஞ்ச நேரம் திறந்தபடியே இருந்தது. நெகிழ்ந்துபோய்விட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உலை அணைந்தது. மேனேஜர் மிரட்டினார், கெஞ்சினார், போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கடைசியில் காரில் ஏறிப் போய்விட்டார். முதலாளிகள் இருந்த ஊரிலிருந்து யாரும் வரவில்லை. மதில் சுவர் ஓரம் நின்றால் உள்ளே செங்கல் வெடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆலையின் இரைச்சல் மூச்சு மாதிரி. அது இல்லாமல் குழந்தைகள் தூங்கவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். ஆலை மூடப்பட்டதாகக் கேட்டில் ஒரு பலகை தொங்கியது.

முதலில் சில வாரம் அவளுக்கு மரியாதை இருந்தது. கடையில் வரிசையை விட்டு ஒதுங்கி, "நீங்க வாங்கிக்குங்கக்கா" என்றார்கள். கையிருப்புக் கரையக் கரைய மரியாதையும் கரைந்தது. வரிசையில் யாரும் ஒதுங்கவில்லை. பிறகு முதுகுக்குப் பின்னால் பேச்சு வந்தது. பிறகு முகத்துக்கு நேராகவே வந்தது.

"உனக்குப் போனது போயிடுச்சு. எங்களுக்கும் போகணும்னு கையைத் தூக்கிட்டே" என்றாள் ஆலை லாரியை ஓட்டின லாரிக்காரனின் பெண்டாட்டி ஒரு நாள், ரொட்டிக் கடை வாசலில்.

பக்கத்தில் நின்ற நாத்தனார் பாய்ந்துவிட்டாள். "உன் புருஷனுக்குக் கை இல்லையா? எங்க அண்ணியா கயிறு கட்டி அவன் கையைத் தூக்கினாங்க?" அங்கே இருந்தவர்கள் விலக்கிவிட வேண்டியதாகப் போயிற்று. வீடு வரும் வரை நாத்தனார் பொருமிக்கொண்டே வந்தாள். விளக்குக்காரிக்கு அந்த வார்த்தை வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தால் அங்கே எதுவும் இல்லாத மாதிரி இருந்தது. ஆனால் நாத்தனார் கேட்ட கேள்வி மட்டும் அவளுக்குள் நின்றது. லாரிக்காரன் ஏன் கையைத் தூக்கினான்?

மறுநாள் அவனையே பஸ் ஸ்டாப்பில் பார்த்தாள். கேட்டாள்.

"உண்மையைச் சொல்லட்டாக்கா? எனக்கு முதுகு அரிச்சுது. சொறியக் கையைத் தூக்கினேன். அதுக்குள்ள எல்லாரும் தூக்கிட்டாங்க. அப்புறம் எப்படி இறக்கறது?" அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "சத்தியமா எனக்கு இஷ்டம் இல்லக்கா."

அதற்குப் பிறகு ஆலை ஆள் யாரைப் பார்த்தாலும் அவள் அதையே கேட்டாள். கோபமாகவோ குற்றம் சொல்கிற மாதிரியோ கேட்கவில்லை. மணி என்ன என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். அதனாலேயே ஆட்கள் பதில் சொன்னார்கள். பேக்கிங்கில் இருந்த பருமனான அம்மா, "எல்லாரும் சரிங்கறப்போ நான் மட்டும் வேண்டாம்னா, என்னைக் கம்பெனி ஆளுன்னு சொல்லிடுவாங்களேன்னு பயந்தேன்" என்றாள். சூப்பர்வைசர், "என் ஆளுங்க தூக்கினாங்க, நான் தூக்கலைன்னா நாளைக்கு என் பேச்சைக் கேப்பாங்களா?" என்றார். பெரும்பாலானவர்கள் சொன்னது ஒன்றுதான்: "உங்களைப் பாத்துத்தாங்க்கா."

உலைக்காரர் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீன் மாட்டுகிறதோ இல்லையோ, வீட்டில் இருக்க முடியாமல் அங்கே வந்துவிடுவார். அவள் பக்கத்தில் நின்று கேட்டபோது தண்ணீரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"அந்தக் கூட்டத்துல உலையை அணைக்காமலே வேலையை நிறுத்தத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். சூட்டைக் குறைச்சு வச்சுக்கிட்டே வேலையை நிறுத்தலாம். உலையும் சாகாது, பாட்டிலும் வராது. அந்த வழி இருந்துச்சு. தொண்டை வரைக்கும் வந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

"எப்படிம்மா சொல்றது? நீ எதிர்ல உக்காந்திருக்கே. உன் வீட்டுக்காரன் அந்த உலைகிட்டதான் செத்தான். அங்க எழுந்து நின்னு செங்கல் போயிடும்னு நான் சொன்னா, ஆளைவிட உனக்குச் செங்கல் பெரிசாப் போச்சான்னு கேக்க மாட்டாங்களா? நீயே கேட்டிருப்பே."

"நான் கேட்டிருக்க மாட்டேன்."

"அது இப்பத்தானே தெரியுது" என்றார் உலைக்காரர்.

அவள் வீட்டுக்கு நடந்தாள். அவள் வாயைத் திறக்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே மற்றவர்கள் வாயை அடைத்திருக்கிறது. இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வருத்தமாகவோ நிம்மதியாகவோ இல்லை. தெரிந்தது, அவ்வளவுதான்.

மழைக்காலம் வந்து போன பிறகு ஸ்பீக்கர் மறுபடி வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். கம்பெனியிலிருந்து ஒரு தகவல் வந்திருக்கிறது என்றார். பழைய உலை இருந்த இடத்தில் சின்ன உலை ஒன்று கட்டப் போகிறார்களாம். பாதிப் பேருக்குத்தான் வேலையாம். யார் யார் என்று சங்கமே தீர்மானித்துச் சொல்ல வேண்டுமாம்.

"நாமளே நம்ம ஆளுங்களை வெட்டணுமாம். நல்லா இருக்கா கதை? எல்லாருக்கும் வேலை, இல்லைன்னா யாருக்கும் வேண்டாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். கூட்டம் போடறேன். நீ..."

"முன்னால உக்காரணுமா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அவரிடமும் கேட்டாள். "அன்னைக்கு நீங்க ஏண்ணே அப்படிக் கேட்டீங்க? அணைக்கணும்னு நிஜமாவே நினைச்சீங்களா?"

ஸ்பீக்கர் டீயைத் தள்ளி வைத்தார்.

"யாரும் தூக்க மாட்டாங்கன்னு நினைச்சேன் தங்கச்சி" என்றார். அவர் குரல் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே சரியாகக் கேட்கவில்லை. "பாதிப் பேர் தூக்கினாக்கூடப் போதும். நேரா மேனேஜர்கிட்ட போய், ஆளுங்க கொதிச்சுப்போய் இருக்காங்க, நான்தான் புடிச்சு வச்சிருக்கேன், கம்பியைப் போட்டுக் குடுத்துடுங்கன்னு பேசியிருப்பேன். எத்தனை தடவை அப்படிப் பேசிக் காரியம் சாதிச்சிருக்கேன்! இத்தனை வருஷத்துல ஒரு விஷயத்துக்கும் ஒத்துப்போகாத பசங்க, அன்னைக்குன்னு பாத்து ஒத்துமையாயிட்டாங்க."

சமையலறை வாசலில் நின்ற நாத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"அப்பவே அதைச் சொல்லியிருக்கலாமேண்ணே?" என்றாள் விளக்குக்காரி.

"மேல நின்னுக்கிட்டிருக்கேன். அத்தனை பேரும் கைதட்டறான். இறங்கி வந்து, சும்மா சொன்னேன்பான்னு சொல்ல முடியுமா? எனக்கு அந்தத் தைரியம் இல்லை."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.  விளக்குக்காரி அவர்மேல் தனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வரவில்லை.

"கூட்டத்துக்கு வரேன்" என்றாள். "முன்னால உக்கார மாட்டேன். நாற்காலியே போட வேண்டாம். அப்புறம், நீங்க கடைசியா பேசணும்."

"கடைசியாவா? நான் ஆரம்பிக்கலைன்னா எவன் வாயைத் திறப்பான்?"

"திறக்கற வரைக்கும் உக்காந்திருப்போம். யாருக்கும் வேற வேலை இல்லையே."

இந்தத் தடவை ஆலை கேன்டீனில் கூடினார்கள். வெயில் ஜன்னல் வழியாக மேஜைகள்மேல் விழுந்தது. விளக்குக்காரி கதவோரத்தில், குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பீக்கர் கம்பெனி சொன்னதை மட்டும் சொன்னார். பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிற மாதிரி மீசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

யாரும் பேசவில்லை. நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒருவன் இருமினான். "என்னப்பா இது, பரீட்சை ஹாலா?" என்று லாரிக்காரன் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் சில முகங்கள் அவள் பக்கம் திரும்பின. அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கவில்லை, ஏற்ற இறக்கமும் இல்லை. "அன்னைக்கு நான் யோசிச்சுக் கையைத் தூக்கலை. எல்லாரும் பாத்தீங்க, தூக்கிட்டேன். உங்கள்ல முக்கால்வாசிப் பேரைக் கேட்டுட்டேன், நீங்களும் யோசிச்சுத் தூக்கலை. அந்த உலையை அணைக்கணும்னு இந்த ரூம்ல ஒருத்தர்கூட நினைக்கலை. அணைஞ்சுபோச்சு. இன்னைக்கு ஒவ்வொருத்தரா அவங்கவங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. தப்பாயிருந்தாலும் பரவாயில்லை. கதவுகிட்ட இருந்து ஆரம்பிக்கலாம்."

கதவோரத்தில் அவளுக்கு அடுத்து இருந்தது பேக்கிங் அம்மா. "நானா?" என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். "எனக்கு என்ன தெரியும்?" என்றாள். எல்லோரும் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் பேசினாள். வீட்டில் தானும் தன் மகளும் ஒரே மழைக்கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம் என்று எங்கேயோ ஆரம்பித்தாள். சிலர் சலித்துக்கொண்டார்கள். "அது மாதிரி வேலையையும் போட்டுக்க முடியாதா? ஒரு வாரம் இவங்க, ஒரு வாரம் அவங்க. அரை வயிறுன்னாலும் எல்லாருக்கும் இருக்கும்ல?" என்று முடித்தாள்.

அதற்குப் பிறகு பேச்சு அடைப்பு விட்டது. அழகான பேச்சு என்று சொல்ல முடியாது. ஒருவன் அரை வயிறு உனக்குப் போதும், எனக்கு மூணு பிள்ளை என்றான். இன்னொருவன், பாதிப் பேருக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு மீதிப் பேர் வேறு ஊருக்குப் போகலாம், நானே போகிறேன் என்றான். பழைய சண்டைகளெல்லாம் வெளியே வந்தன. ஒரு ஆள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியேறிவிட்டான், திரும்பவே இல்லை. ஸ்பீக்கர் இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் விளக்குக்காரி, "வேற யாரு?" என்றாள். அவர் உட்கார்ந்தார்.

உலைக்காரர் முறை வந்தது. வாரத்துக்கு வாரம் ஆளை மாற்றினால் உலைப் பக்கத்தில் சரிப்படாது என்றார். சூடு கை பழகினவனுக்குத்தான் பிடிபடும். அங்கே இருக்கிற சிலர் மட்டும் நிரந்தரமாக இருக்கட்டும், மற்ற இடமெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். "அப்போ நீ மட்டும் முழுச் சம்பளம் வாங்குவியா?" என்று ஒருவன் கத்தினான். "முழு வேலை, அரைச் சம்பளம். மீதியைப் பொதுவுல போட்டுக்குங்க" என்றார் உலைக்காரர். கத்தினவன் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னொண்ணு. நடைபாதை முதல்ல. கம்பி போட்ட பிறகுதான் உலைக்குத் தீ வைப்பேன். இதையெல்லாம் நான் அன்னைக்கே எழுந்து பேசியிருக்கணும்" என்றார்.

கடைசியில் ஸ்பீக்கர் எழுந்தார். எல்லாருக்கும் வேலை, இல்லாவிட்டால் யாருக்கும் வேண்டாம் என்று பேசத் தயாரித்து வைத்திருந்ததெல்லாம் அவரிடம் இருந்தது. மூச்சை இழுத்தார். பிறகு, "எனக்குப் புதுசா சொல்ல ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கை தூக்கச் சொல்லவில்லை. ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எழுதி அட்டைப்பெட்டியில் போட்டார்கள். மாற்றி மாற்றி வேலை செய்வது என்று முடிவானது. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று எழுதினவர்களும் கணிசமாக இருந்தார்கள். அவர்களில் சிலர் அந்த மாதத்திலேயே பெட்டி படுக்கையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

கம்பெனி முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டது. பாட்டில் வந்தால் போதும், யார் எடுத்துப்போட்டால் அவர்களுக்கென்ன. சின்ன உலை எழும்பியது. அதற்கு முன்பே நடைபாதைக்குப் புதுக் கம்பி வந்தது. ஆட்கள் அவளை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினார்கள். அவள் மேலே ஏறி, கம்பியைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அழுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கலைந்தார்கள்.

அரைச் சம்பளத்து வாழ்க்கை ஒன்றும் இனிக்கவில்லை. லாரிக்காரன் குடும்பம் பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போனது. அவன் பெண்டாட்டி இன்னமும் விளக்குக்காரியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அடுத்த சங்கத் தேர்தலில் ஸ்பீக்கரே மறுபடி ஜெயித்தார். கூட்டங்களில் கடைசியாகத்தான் பேசுகிறார்; நடுநடுவே மறந்துபோய் ஆரம்பித்துவிடுவார். கதவோரத்திலிருந்து "வேற யாரு?" என்று கேட்கும். அதனால் ஆலையில் இப்போது அவளுக்கு வேறயாரு என்றே பேர் வந்துவிட்டது. அவளைச் சங்கத்தில் பொறுப்புக்கு நிற்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். இந்தத் தடவை பதில் வைத்திருந்தாள்: "அப்புறம் எல்லாரும் என்னையே பாப்பீங்க."

அந்த வருஷக் கடைசியில் நாத்தனாருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பெரிய தையல் கூடம், தங்குவதற்கும் இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"போகட்டுமா அண்ணி?"

"நீ என்ன நினைக்கறே?"

நாத்தனார் மடித்த துணியைப் பொத்தென்று போட்டாள். "இந்தக் கூட்டம் நடத்தற வேலையெல்லாம் எங்கிட்ட வேண்டாம். வேற யாரு, வேற யாருன்னு ஊரையெல்லாம் கேட்டாச்சு. உங்களுக்கு என்ன வேணும்? அதை ஒரு தடவை சொல்லுங்க."

 விளக்குக்காரி தனக்குள் தேடுகிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. மெக்கானிக் போன நாளிலிருந்து அங்கே தேடினால் எதுவும் கையில் அகப்பட்டதில்லை. நாத்தனார் அவசரப்படுத்தாமல் நின்றாள்.

"போகாதே" என்றாள் கடைசியில். "நீயும் இல்லைன்னா இந்த வீட்டுல சத்தமே இருக்காது. எனக்குப் பிடிக்கலை."

நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. சிரித்தாள். "அப்பாடா. உள்ள ஆள் இருக்கு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு துணியைத் திரும்ப எடுத்தாள். "ஆனா போகத்தான் போறேன் அண்ணி. நல்ல வேலை."

"தெரியும்."

"கோவமா?"

"கொஞ்சம்" என்றாள். சொல்லிவிட்டு அது நிஜம்தானா என்று பார்க்கிறவள் மாதிரி நின்றாள். "ஆமா. கொஞ்சம் கோவம்தான்."

அடுத்த வாரம் பஸ் ஏற்றிவிட்டாள். பெட்டி கனமாக இருந்தது, இருவருமாகத் தூக்கி ஏற்றினார்கள். பஸ் முக்கில் திரும்புகிற வரை நாத்தனார் ஜன்னலிலிருந்து கத்திக்கொண்டே போனாள். கேஸை மூடணும், கதவைத் தாழ் போடணும், டீக்குச் சர்க்கரை போடணும் என்று. விளக்குக்காரி தலையாட்டினாள். அது அவளுடைய வேலை வாரம். மத்தியான ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. அங்கிருந்தே நேராக ஆலைக்கு நடந்தாள்.